மலைக்காரங்க கடலுக்குள்ள இறங்கினா: ஸ்கூபா கேள்வி பதில்

கோத்தகிரியில இப்போ கேரட் போடறேன். அதுக்கு முன்னாடி ஸ்காட்லாந்து மேற்குக் கரையில சில வருஷம் ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரை முதுகுல கட்டிக்கிட்டுக் கடலுக்கடியில இறங்கறது, சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கேட்டதுல சிலதுக்கு இங்க பதில்.

அண்ணா, வான்கூவருக்குப் படிக்கப் போறேன். உறைபனியில நடந்தே ஸ்கூல் போன ஆளு நான். அங்க கடல் குளிர் ஒத்துக்கும்தானே? (குன்னூர்)

ஒத்துக்காது தம்பி. காத்துக் குளிர் வேற, தண்ணிக் குளிர் வேற. உடம்புச் சூட்டைத் தண்ணி காத்தைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா இழுத்துடும். அந்தக் கடல்ல ஆழத்துல கோடையிலயும் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். முகத்துல பட்டதுமே மூச்சு திக்குனு உள்ள இழுக்கும், அது உங்க கையில இல்லை. முதல் ஒரு நிமிஷம் கயித்தைப் புடிச்சுக்கிட்டு, மூச்சை மெதுவா வெளிய விடறதை மட்டும் பாருங்க. அடங்கின பிறகு இறங்குங்க.

டிரைசூட் வாங்குங்க, தண்ணி உள்ள புகாத உடுப்பு அது. வெட்சூட்னா தண்ணி உள்ள வர்ற ரப்பர் உடுப்பு, அது ஆழம் போகப் போக நசுங்கி மெலிசாயிடும். டிரைசூட்டுக்குள்ள கம்பளி போட்டுக்கலாம், பருத்தி வேண்டாம். அதுக்குள்ள காத்து விடவும் எடுக்கவும் தனியாப் பழகணும்.

கை நீட்டினா கையே தெரியாதாமே? பெரிய டார்ச் வாங்கவா?

நம்ம மலைப்பாதையில காட்டேரிங்கிற ஊர் வளைவுல பனிமூட்டத்துக்குள்ள ஹை பீம் போட்டிருக்கீங்களா? எதிர்ல வெள்ளைச் சுவர்தான். கலங்கின தண்ணியிலயும் அதே கதை. ஒளி பரவாம குறுகலா விழற டார்ச் வாங்கி, கண்ணுக்கு நேரா பிடிக்காம பக்கவாட்டுல பிடிங்க. காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டற கேஜை, முகத்துல மாட்டின கண்ணாடி மாஸ்க்கோட ஒட்டி வச்சுத்தான் படிக்கணும். கால்ல மாட்டின துடுப்பு தரையில பட்டா சேறு கிளம்பி, இருக்கிற பார்வையும் போயிடும். கூட இறங்கின ஜோடியைக் காணோமா? ஒரு நிமிஷம் சுத்திப் பாருங்க, அப்புறம் ரெண்டு பேரும் நிதானமா மேல வந்துடணும். இதைக் கரையிலயே பேசி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, வான்கூவர் பக்கம் குளிர்காலத்துலதான் தண்ணி தெளிவு. வெயில் வந்தா நுண்ணுயிர் பெருகிப் பச்சையாயிடும்.

ரெகுலேட்டர் உறைஞ்சு போகுமா?

போகும். சிலிண்டர் காத்தை நம்ம வாய்க்குத் தர்ற கருவிதானே ரெகுலேட்டர். சைக்கிள் வால்வை அமுக்கினா காத்து ஜில்லுனு வரும்ல, அதேதான். பத்து டிகிரிக்குக் கீழ தாங்கும்னு போட்டதை வாங்குங்க. மூச்சு இழுக்கிற அதே நேரம் மிதக்கறதுக்குப் போட்டிருக்கிற ஜாக்கெட்டுல காத்தடிக்காதீங்க. அப்படியும் உறைஞ்சு காத்து நிக்காம கொட்ட ஆரம்பிச்சா டைவ் முடிஞ்சதுன்னு மேல வாங்க.

ஊட்டி ஏரியில பழகிக்கலாமா?

வேண்டாம்பா. சேறும் சாக்கடையும். படகுச் சவாரியோட நிறுத்திக்கோங்க.

ஞாயித்துக்கிழமை காலைல பாண்டியில டைவ் முடிச்சு, அன்னிக்கு ராத்திரியே ஊட்டி வந்துடலாமா? விமானத்துலதான் போகக் கூடாதுன்னு சொல்றாங்க.

இதை ஒருத்தர் கேட்டதே சந்தோஷம். விமானத்துக்குள்ள இருக்கிற காத்தழுத்தம் ஏறக்குறைய 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துல இருக்கிற மாதிரி இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர். அப்போ ஊட்டி பஸ்ஸும் விமானம்தான்! அழுத்தம் குறைஞ்சா, உடம்புல கரைஞ்சிருக்கிற நைட்ரஜன் சோடா மூடி திறந்த மாதிரி குமிழியாகும். ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் மலை ஏறாம கீழயே இருங்க.

நானே மீறினவன்தான். ரெண்டு நாள்ல நாலு டைவ் போட்டுட்டு, கடைசி டைவ் முடிஞ்ச கையோட வண்டியை எடுத்தேன். பாதி மலை ஏறினதும் இடது முழங்கைக்குள்ள ஒரு குடைச்சல். அமுக்கினா வலிக்கலை, மடக்கினாலும் கூடலை, உள்ளுக்குள்ளயே ஊறிச்சு. மூட்டை தூக்கின வலின்னு எனக்கே சமாதானம் சொல்லிக்கிட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். அது அந்தக் குமிழியோட வலி, படுத்தது பைத்தியக்காரத்தனம். அப்படி வலிச்சா வண்டியைத் திருப்பிக் கீழ இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்க. "டைவ் பண்ணினேன், ஆக்சிஜன் வைங்க"ன்னு நீங்களே சொல்லுங்க, அவங்களுக்குத் தோணாது.

இப்பல்லாம் மேட்டுப்பாளையத்துல ரூம் போட்டுடறேன். வீட்டுல "மலை அடிவாரம் வரைக்கும் வந்துட்டு அங்க என்ன தூக்கம்"னு திட்டு விழும், விழட்டும்.