வண்டிக் கேள்விகள்: சூடேறாத எஞ்சின் பெற்றோலைக் குடிக்கும்

கேள்வி: என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு விற்ஸ், 1000 சீசீ. முன்பு லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 11ஐத் தாண்டுவதில்லை. ஒயில், பிளக், எயர் பில்ரர் எல்லாம் மாற்றிவிட்டேன். 'திருகோணமலை வெக்கைக்கு இது எதற்கு' என்று கராஜில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். அதுவும் காரணமாகுமா? (வாசகர், நிலாவெளி)

பதில்: முதல் சந்தேகமே அதுதான். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு 80 பாகைக்கு மேல் சூடு வேண்டும். தண்ணீர் சூடேறும்வரை ரேடியேற்றர் வழியை மூடி வைக்கிற வால்வுதான் தேர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஓயாமல் ரேடியேற்றருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். கந்தளாய் வீதியில் 60, 70இல் ஓடும்போது முன்னால் அடிக்கிற காற்று அதை இன்னும் குளிர்த்தும். சென்சர் 'எஞ்சின் இன்னும் குளிர்' என்று சொல்ல, கம்ப்யூட்டர் காலையில் ஸ்டார்ட் செய்த நேரம் போலக் கூடுதல் பெற்றோலை விடும். ஒயிலும் தடிப்பாகவே நிற்கும்.

ஸ்கேனர் உள்ள கராஜில் ஒருமுறை பாருங்கள். 20 நிமிடம் ஓடிய பிறகும் தண்ணீர்ச் சூடு 60, 65 என்று நின்று, வண்டியை நிறுத்தி வைத்தால் மட்டும் ஏறுமானால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 82 பாகை என்று பொறித்த தேர்மோஸ்டாட்டைப் புது ரப்பர் வளையத்தோடு போடுங்கள். போடுமுன் வெப்பமானியோடு ஒரு சட்டித் தண்ணீரில் இட்டுச் சூடாக்கினால், 82ஐ ஒட்டித் திறக்கத் தொடங்கி 95க்குள் 8 மில்லிமீற்றர் அளவு விரிய வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், கரையோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் ரேடியேற்றரில் படியும். தண்ணீர் கலந்தே வரும் கூலன்டை (எஞ்சினைக் குளிர்த்தும் திரவம்) ஊற்றி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுக் காற்றுக் குமிழி அடங்கும்வரை நிரப்புங்கள்.

எயர் பில்ரரால் பெரிய மிச்சம் வந்திருக்காது. கம்ப்யூட்டர் பெற்றோலை அளந்து விடும் இன்ஜெக்சன் வண்டியில் அடைத்த பில்ரர் இழுவையைத்தான் குறைக்கும். பெற்றோலையும் கூட்டியது காபரேற்றர் காலத்தில்.

பலன் தெரிய, ஒரே செட்டில் ஒரே பம்பில், பம்ப் தானாக நிற்கும் முதல் 'டக்' வரை நிரப்பி, 300 கிலோமீற்றர் ஓடி, மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். உதாரணமாக 320 கிலோமீற்றருக்கு 24.6 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 13 கிலோமீற்றர். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், மூன்று தடவை பாருங்கள்.

கேள்வி: ஆல்ற்றோ 800. வீடு கடலோரம். முன் இடது சில்லு மட்டும் சுடுகிறது, பெற்றோலும் கூடப் பிடிக்கிறது. (வாசகி, கிண்ணியா)

பதில்: பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உப்புக் காற்றில், பிரேக் கட்டைகளை அழுத்தும் கலிப்பர் வழுக்கும் இரண்டு பின்களும் (ஊசிகளும்) துருப்பிடித்து இறுகிவிடும். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, நியூற்றரில் முன்னால் ஜக் அடித்து, இடம் வலம் இரண்டையும் கையால் சுற்றி ஒப்பிடுங்கள். இடது மட்டும் பாரமாகச் சுற்றினால் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங் சுருளில் கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பின்களைத் துடைத்து, பிரேக்குக்குரிய சிலிக்கோன் கிறீஸை மெல்லப் பூசினால் போதும். சாதாரணக் கிறீஸ் பூசினால் ரப்பர் உறை ஊதிப்போய்ப் பின்கள் மறுபடி சிக்கும், இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. பின்கள் சரியாக இருந்தும் சில்லு இறுகினால் கலிப்பர் பிஸ்டனுக்குப் புது ரப்பர் சீல் கிற் போட வேண்டும்.

ரயர்க் காற்றையும் பாருங்கள். நான்கிலும் சராசரியாக 1 பீஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சுமார் 0.2 சதவீதம் வீணாகும். அளவு சாரதி பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். ஓடுவதற்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளவிடுங்கள்.

கேள்வி: 92 ஒக்டேன் பெற்றோலுக்குப் பதில் 95 அடித்தால் லீற்றருக்குக் கூடுதல் தூரம் ஓடுமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: கைநூலில் 92 போதும் என்றிருந்தால் கூடுதலாக ஓடாது. ஒக்டேன் எண் காட்டுவது, எஞ்சினில் தட்டல் வராமல் பெற்றோல் தாங்கும் அளவை. 92இல் மேட்டில் 'டக டக' என்று தட்டினால் மட்டும் 95 அடித்துப் பாருங்கள்.