நைனாவுக்கு ஹால் போதும்னு யாரு சொன்னது?

கேள்வி: அக்கா, எனக்கு 37 வயசு. கிண்டில ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன். வீட்டம்மாவுக்கு ஆந்திரா பக்கம் ஸ்ரீசிட்டில வேலை, கம்பெனி பஸ் காலைல அஞ்சரைக்கு கும்மிடிப்பூண்டி பைபாஸ்ல எடுக்கும். பொண்ணு நாலாவது, பையன் யூகேஜி. இப்போ மீஞ்சூர்ல வாடகை. சொந்த வீடு வாங்கணும். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, இல்லன்னா ஆந்திரா பார்டர் தாண்டி தடா, இதுல ஃபேமிலிக்கு எது நல்லது? பொன்னேரில மூணாவது மாடில ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பாத்திருக்கோம், லிஃப்ட் இல்ல, ஆனா உள்ளயே பார்க் இருக்கு. எளாவூர் பக்கம் எங்க ஊர் வீட்டை வித்தா அட்வான்ஸுக்கு சரியா இருக்கும். அம்மா இல்ல, நைனா (71) தனியாத்தான் இருக்காரு, அவரும் எங்களோட வந்துடுவாரு, ஸ்கூல் விட்டு வர்ற பசங்களயும் பாத்துக்குவாரு. ஒரு ரூம் எங்களுக்கு, ஒண்ணு பசங்களுக்கு, நைனா ஹால்ல படுத்துக்குவாரு, அவருக்கு அதெல்லாம் பழக்கம்தான்.
— பெயர் வேண்டாம், மீஞ்சூர்

பதில்: தம்பி, உங்க லெட்டர் மூணு பக்கம், இங்க சுருக்கித்தான் போட்டிருக்கேன். ஸ்கூல் பத்தி ஒரு பக்கம், தண்ணி, டிரெயின், பார்க், வாக்கிங் டிராக் எல்லாம் சேத்து ஒண்ணரைப் பக்கம், அப்புறம் போறபோக்குல நைனாவுக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரிலயே நின்னுட்டேன்.

பழக்கம்னு யாரு சொன்னது? அவரு வாயால சொன்னாரா, இல்ல நீங்களே எழுதிக்கிட்டீங்களா? ஊர்ல அவரு திண்ணைல படுத்திருப்பாரு, கயித்துக் கட்டில்ல வெளில படுத்திருப்பாரு, ஆனா அது அவரு திண்ணை, தூக்கம் வந்தா சாயுவாரு, வரலன்னா எழுந்து தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வருவாரு, ஏன்னு கேக்க ஆள் கிடையாது. அதுவும் மூணாவது மாடில நாலு பேரு போக வர இருக்கிற ஹாலும் ஒண்ணா?

நீங்களே எழுதின நேரத்தை வச்சே கணக்கு போடுங்க. கிண்டில ஏழு மணிக்கு கிளம்பினா வீட்டுக்கு வர ஒன்பதரை, சாப்பிட்டு பாத்திரம் கழுவி கொஞ்ச நேரம் டிவி பாத்து லைட் அணைக்க பதினொண்ணு ஆயிடும், அதுவரைக்கும் அவரு பாய் விரிக்க முடியாது, சோபா ஓரத்துல கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். காலைல உங்க வீட்டம்மா அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்கணும்னா நாலு மணிக்கே எழுந்து கிச்சன் லைட் போட்டாகணும், குக்கர் விசில் வரும். 71 வயசு மனுஷனுக்கு நீங்க ஒதுக்கின தூக்கம் அஞ்சு மணி நேரம், அதுலயும் இந்த வயசுல ராத்திரி ரெண்டு தடவையாவது எழுந்திரிக்கணும். சரி மதியம் சாயலாம்னா மூணரைக்கு பசங்க வந்துடும், யாராவது வந்து பெல் அடிச்சா பாயைச் சுருட்டிக்கிட்டு எழுந்து உக்காரணும். வேட்டி மாத்தணும்னாக்கூட பாத்ரூம்தான். அவரு சட்டை, மாத்திரை டப்பா, உங்க அம்மா போட்டோ இதெல்லாம் எங்க வைப்பாரு, டிவி ஸ்டாண்டுக்குக் கீழயா? உங்க வீட்டம்மாவுக்கும் கஷ்டம்தான், ராத்திரி தண்ணி குடிக்க வெளில வரவே கூச்சப்படுவாங்க. இதெல்லாம் எழுதுறப்போ உங்களுக்குத் தோணவே இல்லையா?

இன்னொண்ணு, "எங்க ஊர் வீடு"ன்னு எழுதிருக்கீங்க. பட்டா யாரு பேர்ல இருக்கு? நைனா பேர்லதான் இருக்கும். அவரு வீட்டை வித்து அட்வான்ஸ், அவரு கால் வலியோட மூணு மாடி இறங்கிப் போய் பசங்கள ஸ்கூல் வேன்லேருந்து கூட்டிட்டு வரணும், ஆயா வச்சா மாசம் எவ்ளோ குடுக்கணும்னு உங்களுக்கே தெரியும், அக்கவுன்ட்ஸ் பாக்குறவரு நீங்க. இவ்ளோவும் குடுக்கிறவருக்கு ஒரு கதவு கிடையாதா? பெத்தவங்களுக்கு சோறு போடணும்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, ஒரு கதவும் குடுக்கணும்னு சொன்னாதான் சதுர அடி ரேட்டு பேசுறாங்க. எனக்கு ரெண்டும் ஒரே கடமைதான்.

இந்த மாதிரி லெட்டர் எனக்கு வருஷக்கணக்கா வருது, அடுத்த லெட்டர் எப்படி இருக்கும்னும் தெரியும். ஆறு மாசம் கழிச்சு "பெரியவர் சும்மா சும்மா ஊருக்குப் போறேன்னு அடம் பிடிக்கிறாரு அக்கா"ன்னு எழுதுவீங்க, அப்போ போறதுக்கு ஊர்ல வீடு இருக்காது. அதனால இப்பவே சொல்றேன், அந்த வீட்டை விக்காதீங்க. அவரே மனசாரச் சொல்லி வித்தாலும் புது வீட்டுப் பத்திரத்துல அவரு பேரும் இருக்கணும். கடைசி வரைக்கும் பாத்துக்கிறோம்னு எழுதி வாங்கின சொத்தை, பாத்துக்காம விட்டா ரத்து பண்ணலாம்னு 2007ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சொல்லுது, வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கிட்ட மனு குடுத்தா போதும். உங்கள மிரட்ட இதைச் சொல்லல, உங்க மாதிரி நல்ல பசங்களே யோசிக்காம பண்றதாலதான் சட்டம் போட வேண்டியிருந்துச்சு.

சரி, ஊருக்கு வர்றேன்.

மீஞ்சூர் வேணாம். அங்கயே இருக்கீங்க, உங்களுக்கே தெரியும். தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் பல வருஷமா போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சி கடல்தண்ணி நிலத்துக்கடில பல கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சு, அந்த உப்பு இன்னும் போகல. பக்கத்துல காட்டுப்பள்ளில ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்தண்ணியைக் குடிநீராக்குற ஆலை 2010லேருந்து ஓடுது, ஆனா அந்தத் தண்ணி சென்னைக்குப் போகுது. ஒரு பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர்ல 1500 மெகாவாட். 2023 டிசம்பர்ல எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்ச ராத்திரி சனங்க குழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடினது மறந்துடுச்சா?

தடாவுல ரேட் கம்மின்னு எழுதிருக்கீங்க. நான் சத்தியவேடு பக்கத்துக்காரி. 1960ல எல்லையை மாத்தினப்போ திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்துச்சு, எங்க பக்கம் ஆந்திராவுக்குப் போச்சு. வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, எங்க அண்ணன் பசங்க நல்லா தமிழ் பேசுவாங்க, ஆனா கல்யாணப் பத்திரிகைய எடுத்துக் குடுத்தா படிக்கத் தெரியாது. தெலுங்கு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, எனக்கு ரெண்டும் தாய்மொழி மாதிரிதான். ஆனா நாலாவது படிக்கிற பொண்ண நடுவுல கொண்டுபோய் புது எழுத்துல உக்கார வைக்கிறது வேற விஷயம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சாதான் மெடிக்கல் சீட்ல 7.5 சதவீத ஒதுக்கீடு, பார்டர் தாண்டினா அந்த வாசல் மூடிடும். உங்களுக்கும் டிரெயின் கஷ்டம், நிறைய லோக்கல் கும்மிடிப்பூண்டியோட நின்னுடும், சூலூர்பேட்டை வரைக்கும் போறது அதுல கொஞ்சம்தான்.

பொன்னேரி நல்ல ஊருதான், பழைய ஊரு, அரசு ஆஸ்பத்திரி, காலேஜ், மார்க்கெட், தாலுகா ஆபீஸ் எல்லாம் உண்டு. நீங்க பாத்த ஃப்ளாட்டுதான் ஆகாது. அதுவும் ஆரணி ஆறு ஓடுற பக்கம், ஐப்பசி கார்த்திகை மழைல ஒரு தடவை நேர்ல போய்ப் பாக்காம அங்க எதுக்கும் அட்வான்ஸ் குடுக்கக்கூடாது.

என்னக் கேட்டா கும்மிடிப்பூண்டி. உங்க வீட்டம்மாவுக்கு இருட்டுல அவ்ளோ தூரம் வந்து பஸ் ஏறுற பாடு போகும், ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம், நாலு மணி குக்கர் விசிலும் நிக்கும். உங்களுக்கு சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனா நிறைய வண்டி அங்கேருந்தே கிளம்புறதால காலைல உக்காந்து போகலாம், விம்கோ நகர்ல இறங்கினா 2021லேருந்து மெட்ரோ இருக்கு, அப்படியே கிண்டி வரைக்கும் ஒரே வண்டி. சாயந்தரம் லேட் ஆகும், அதை மறைக்க மாட்டேன், எக்ஸ்பிரஸ்சும் சரக்கு வண்டியும் அதே தடத்துலதான் ஓடுது, ஏதாவது ஒண்ணு நின்னா பின்னாடி எல்லாம் நிக்கும். சிப்காட் தொழிற்பேட்டை இருக்கு, இரும்பு உருக்குற ஆலைங்க இருக்கு, அதனால வீடு பாக்குறப்போ பகல்ல மட்டும் போகாதீங்க, ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவுல நின்னு மூச்சு இழுத்துப் பாருங்க, விடிகாலைல மாடில விரலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க கரி ஒட்டுதான்னு. போர் தண்ணிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணுங்க. மனை ஏரிப் புறம்போக்கா, முறையான அரசு அப்ரூவல் இருக்கான்னு வக்கீல் வச்சுப் பாருங்க, புரோக்கர் காட்டுற ஜெராக்ஸ நம்பாதீங்க.

அடுக்குமாடி வேணாம், கிரவுண்ட் ஃப்ளோர்ல தனி வீடு, மூணு ரூம். மூணாவது ரூமுக்குக் காசு இல்லன்னு சொல்வீங்க. அப்போ இப்போ வாங்காதீங்க, ரெண்டு வருஷம் அங்கயே மூணு ரூம் வீட்டை வாடகைக்கு எடுத்து இருங்க, ஊரும் பழகிடும். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல உங்க பொண்ணு பெரியவளாயிடுவா, அப்போ தம்பியோட ஒரே ரூம்ல அவளுக்கும் சரிப்படாது, அந்த ரூம் எப்படியும் தேவைதான். நைனா ரூம் கதவு உள்பக்கம் தாழ் போடுற மாதிரி இருக்கட்டும், பாத்ரூமுக்கு நாலு எட்டுல போகணும்.

கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் எளாவூர். மனசு சரியில்லன்னா ஊருக்குப் போய் அவரு திண்ணைல உக்காந்து சேக்காளிங்களோட பேசிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடலாம். பொன்னேரி ஃப்ளாட்லேருந்து அப்படி நெனச்சப்போ போக முடியாது, மூணு மாடி இறங்குறதுலயே பாதி ஆசை போயிடும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஃப்ளாட் பாக்கப் போறதா எழுதிருக்கீங்க. போகாதீங்க. பசங்கள கூட்டிட்டு எளாவூர் போங்க, ஒரு ராத்திரி அங்கயே தங்குங்க, அவரு எத்தன மணிக்குப் படுக்குறாரு, எத்தன மணிக்கு எழுந்திரிக்கிறாருன்னு கூட இருந்து பாருங்க. அப்புறம் எங்களோட வர்றீங்களா, எப்படிப்பட்ட வீடு வேணும்னு அவர்கிட்டயே கேளுங்க. "உங்க இஷ்டம்பா"ன்னுதான் முதல்ல சொல்வாரு, அதை பதிலா எடுத்துக்காதீங்க, ரெண்டாவது தடவை கேளுங்க. அவரு சொன்னத அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்க.