15 வயது மகனின் தலையை யார் வாருவது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. தரம் 10 இல் படிக்கிறான். தகப்பனைப் போலவே சுருட்டை முடி. இரண்டு வாரங்களுக்கு முன்னர், ரியூசனுக்கென்று கொடுத்த காசை எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு சலூனுக்குப் போய், இரு பக்கமும் தோல் தெரிய மழித்து, ஒரு பக்கத்தில் கோடும் போட்டுக்கொண்டு வந்தான். பாடசாலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை இப்படிச் செய்தால் மொட்டை அடித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். முன்னர் அவன் இப்படிப்பட்ட பிள்ளை இல்லை. இப்போதும் காலையில் நான்தான் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்புகிறேன். ஆனால் ஒழுங்கை திரும்பியதும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தலையை நனைத்துக் கலைத்துவிடுகிறான் என்று அயலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். நெற்றியெல்லாம் பருக்கள். கணவர் வயலும் உழவு இயந்திரமுமாக இருப்பவர்; இந்த விடயங்களில் தலையிடுவதில்லை. பாடசாலையும் ஏற்று, சனமும் குறை சொல்லாத ஒரு வெட்டைச் சொல்லுங்கள். நானே சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெட்டுவிக்கிறேன்.
— ஒரு தாய், விசுவமடு

பதில்: சகோதரி, எந்த வெட்டு என்பதைப் பின்னர் எழுதுகிறேன். மகனின் தலைமுடி பற்றிய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அவை எல்லாவற்றிலும் சலூன்காரர், கூடாத சிநேகிதர், கைத்தொலைபேசி என்று யாராவது ஒருவர் குற்றவாளியாக இருப்பார். நீங்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை, அது நல்லது. ஆனால் கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்லப்போகும் அவசரத்தில், காலையில் இப்போதும் நீங்கள்தான் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்புவதாக ஒரு வரி எழுதிவிட்டு அதைக் கடந்து போயிருக்கிறீர்கள். என்னால் அந்த வரியைக் கடந்து போக முடியவில்லை.

அவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும், தகப்பனின் உழவு இயந்திரத்தை வளவுக்குள் திருப்பி நிறுத்தவும் அநேகமாகத் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாள் காலையும் வெள்ளைச் சீருடையுடன் உங்கள் முன்னால் குனிந்து நிற்க, நீங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டு வகிடெடுக்கிறீர்கள். அவன் ஒருநாளாவது உங்கள் கையைத் தட்டிவிட்டதாக எழுதவில்லை. நீங்கள் வாரி முடிக்கும்வரை பொறுத்து நின்று, உங்கள் கண்ணுக்கு மறைந்த பின்னர்தான் கலைக்கிறான். அயலவர்கள் அதைக் கள்ளத்தனம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தாயின் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற பிள்ளைதான் அப்படிச் செய்வான் என்று நான் சொல்கிறேன். வாரியது பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்ல வழியில்லாத வீட்டில், அவன் அதை ஒழுங்கை முடக்கில் வைத்துச் சொல்கிறான். அங்கேயும் உங்களுக்கு விளங்காதபோதுதான் கிளிநொச்சிக்குப் போய், பாடசாலை முழுவதற்கும் தெரியும்படி தலையில் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

அந்தத் தண்ணீர்ப் போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரினால் சுருள்கள் குலைந்து, முடி பஞ்சாகப் பரந்து நிற்கும். பிறகு அதை அமர்த்துவதற்கு எண்ணெயை அள்ளி வைக்க வேண்டி வரும். நனைத்து விரலால் கோதிவிட்டால் அதே முடி தன் சுருளுக்குத் திரும்பி, அடங்கி நிற்கும். நீங்கள் குறையாக எழுதியிருக்கும் அந்தச் செயல், யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்கள் மகன் தன் முடிக்கு எது தேவை என்று கண்டுகொண்ட செயல். பருக்களையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் தாமாகவே கூடுதலாகச் சுரக்கின்றன. அதற்கு மேல் காலையில் வைக்கும் தேங்காயெண்ணெய் வன்னி வெயிலில் நெற்றிக்கு வழிந்து தோலின் துளைகளை அடைத்தால், முடி தொடங்கும் இடத்தை ஒட்டிப் பருக்கள் கூடும். எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை முழுக்குக்கு அரை மணித்தியாலம் முன்னர் அவனே வைத்து, அவனே தேய்த்துக் குளிக்கட்டும். பாடசாலைக்குப் போகும் காலையில் ஒரு சொட்டும் வேண்டாம். முழுக்குக்குப் பின்னர் முடி ஈரமாக இருக்கும்போது அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்தால் போதும்.

நீங்கள் ஏன் அந்தச் சீப்பை விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாத ஒன்றல்ல. 2009 இன் பின்னர் முகாம்களிலிருந்து வெறும் வளவுகளுக்குத் திரும்பி, தறப்பாளின் கீழ் மறுபடியும் குடும்பம் நடத்தத் தொடங்கிய எங்கள் தாய்மார், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்து வளர்த்தார்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. ஆயினும் அந்தப் பயத்தை 15 வயதுப் பிள்ளையின் தலையில் நாள்தோறும் வைத்து அழுத்துவதற்கு எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை. பிள்ளை தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக்கிவிடுவது பெற்றவர்களின் கடமை. உங்கள் வீட்டில் அந்தக் கடமை குறைந்தது மூன்று நான்கு வருடங்களாவது பிந்திவிட்டது. நாளைக் காலை சீப்பை அவன் கையில் கொடுங்கள். அவன் வாருவது கோணலாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

இனி உங்கள் கணவருக்கு வருகிறேன். இந்தப் பதிலை அவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். மகனின் சுருட்டை முடி அவரிடமிருந்து வந்தது என்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டில் இந்த முடியோடு வாழ்ந்து பழகிய ஒரே ஆள் அவர்தான். அவரோ இந்த விடயத்தில் தலையிடுவதில்லை. அவர் வன்னியில் வளர்ந்தவர் என்றால், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில்தான் பதின்ம வயதைக் கடந்திருப்பார். சவர்க்காரக் கட்டி ஒன்று கிடைப்பதே அரிதாயிருந்த அந்த நாட்களில் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்து, செவ்வரத்தம் இலையை அரைத்துத் தலையில் தேய்த்து முழுகிய தலைமுறை அது. அந்தக் கஷ்டத்துக்குள்ளும் அவர் தன் முடியை எப்படியோ சீராக வைத்திருந்திருப்பார். ஈரத்தோடு எப்படிக் கோதுவது, எந்த இடத்தில் குட்டையாக வெட்டினால் கிளம்பி நிற்கும், எத்தனை நாளில் அமரும் என்பவற்றை மகன் தகப்பனிடம் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் மகனுக்காக ஒரு சனிக்கிழமைக் காலை கூடக் கிடைக்காத வயல் எதுவும் வன்னியில் இல்லை. வயலைக் காரணம் காட்டி மகனை ஒதுக்கிவிட்டு, மகன் வழி தவறியதும் தாயின் வளர்ப்பில் பிழை பிடிக்கும் தகப்பன்மாரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

மொட்டை அடித்துவிடுவேன் என்று சொன்னீர்களே, அதை அவனிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் சனம் தலைமுடியை நேர்த்தி வைத்து இறைவனுக்குக் கொடுக்கிறது. துக்க வீட்டில் கடமைக்காக மழிக்கிறது. அதைப் பிள்ளையை வெட்கப்படுத்தும் தண்டனையாக்குவது குடும்பத்துக்கு அழகல்ல. வகுப்பில் உள்ளவர்கள் முன்னால் தலை குனியவைத்த வீட்டை ஒரு பையன் மறக்க மாட்டான். ரியூசன் காசை எடுத்ததற்கு மட்டும் தண்டனை வேண்டும். அது களவு. அவன் வளவைத் துப்பரவாக்கியோ வயலில் தகப்பனோடு நின்றோ அந்தக் காசைக் கழிக்கட்டும்; கோட்டையும் முடியையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது வெட்டைப் பற்றிச் சொல்கிறேன். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். தோல்வரை மழித்த பக்கங்கள் இந்த இரண்டு வாரத்தில் அரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு வந்திருக்கும். அது வெட்டும் மெஷினின் 2 ஆம் இலக்கச் சீப்பு விடும் 6 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே இப்போது பக்கங்களில் கைவைக்கக் கூடாது. மேலே குவிந்திருக்கும் முடியை மட்டும் கத்தரியால் குறைத்தால், பாடசாலையின் கண்ணை உறுத்துகிற அந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் மறைந்துவிடும். கோடும் இந்நேரம் மங்கத் தொடங்கியிருக்கும். அடுத்த மாதம் காதுக்கு மேலே 3 ஆம் இலக்கம், அதாவது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர், பிடரியில் 2 ஆம் இலக்கம் என்று வைத்து, இரண்டுக்கும் இடையில் படி தெரியாமல் சேர்த்துவிடச் சொல்ல வேண்டும். பையன்கள் கேட்கிற ‘ஃபேட்’ என்பதும் இதே முறைதான். அது பூச்சியத்தில் தொடங்குவதால்தான் பாடசாலையில் பிரச்சினையாகிறது. 3 இலிருந்து 2 க்கு இறங்கினால் அவன் விரும்பும் வடிவமும் கிடைக்கும், ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியரும் வாசலில் நிறுத்த மாட்டார்.

மேல்முடி விடயத்தில் சுருட்டைக்கென்று ஒரு கவனம் தேவை. நனைத்து நீட்டிப் பிடித்து வெட்டினால், காய்ந்ததும் அது சுருண்டு மேலேறி, நினைத்ததைவிட மிகக் குட்டையாகிவிடும். இழுத்துப் பிடிக்கும்போது மூன்று விரல் அகலம் மிஞ்சட்டும். பிறகு காயவைத்துப் பார்த்து, தேவையென்றால் இன்னும் குறைக்கலாம். முடியை ஐதாக்கும் பல்லுக் கத்தரி வேண்டாம், சுருளை அது பிய்த்துவிடும். உச்சியில் சுழி ஒன்றா இரண்டா என்று தகப்பன் விரலால் விலக்கிப் பார்க்கட்டும். இரட்டைச் சுழி உள்ள இடத்தை அரைகுறையாக வெட்டினால் முடி முள்ளாய் நிமிரும். ஆகையால் அந்த இடத்தில் சற்று நீளம் விடுவது நல்லது. முகம் உருண்டையென்றால் மேலே கொஞ்சம் உயரமும் பக்கங்களில் அடக்கமும் பொருந்தும். நீண்ட முகத்துக்கு மேலே உயர்த்தினால் முகம் இன்னும் நீளும். ஜெல் பாடசாலைக்கு வேண்டாம். வியர்வையில் கரைந்து நெற்றிக்கு இறங்கும், காய்ந்தால் பொடுகு போல உதிரும். நிறம் பூசுவதை முற்றாக மறுத்துவிடுங்கள். அந்தச் சாயங்கள் சிலருக்குத் தலைத்தோலையும் முகத்தையும் வீங்கவைக்கின்றன, 15 வயதில் அந்தச் சோதனை தேவையில்லை.

சலூனில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பிடரி மழிக்கும் பிளேட்டைக் கண்முன்னே புதிதாகப் பிரிக்கவேண்டும். பழைய பிளேட் ஈரல் அழற்சி போன்ற இரத்தத்தால் தொற்றும் நோய்களைக் கடத்தக்கூடும், துடைக்காத மெஷின் படர்தாமரையைக் கொண்டுவரும். மற்றையது மரியாதை. முடி திருத்துபவரை வயது பாராமல் ஒருமையில் கூப்பிடும் பழைய பழக்கம் எங்கள் வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. உங்கள் மகன் அவரை அண்ணை என்று அழைத்து, தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தன் வாயால் சொல்லிப் பழகட்டும். தகப்பன் பக்கத்து வாங்கில் இருந்தால் போதும், அவனுக்காகப் பேச வேண்டாம்.

பாடசாலையின் ஒழுங்கு அவனைக் கட்டுப்படுத்தட்டும், அதில் நான் அவன் பக்கம் நிற்க மாட்டேன். அடுத்த வெட்டுக்கு முன்னர் உங்கள் கணவர் வகுப்பாசிரியரைச் சந்தித்து, பக்கத்தில் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று தெளிவாகக் கேட்டு வரட்டும். தவணை விடுமுறை தொடங்கும் அன்று மட்டும் அவன் விரும்பியதை வெட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், ஆனால் பாடசாலை தொடங்கும்போது முடி பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நாள் கணக்கை அவனே பார்க்கட்டும். சலூனுக்கு நீங்கள் போக வேண்டாம்.