நெருக்கடியில் இருக்கும் குழந்தைகள், குடும்பங்களோடு வேலை செய்ய எப்படிப் படிப்பது? எதில் கவனம் வைக்க வேண்டும்?

சமூகப் பணி, உளவியல், குழந்தை வளர்ச்சி, எது வழியாகவும் இந்த வேலைக்கு வரலாம். பட்டத்தின் பெயரை விடக் களப்பணிதான் முக்கியம். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: களப்பணி மொத்தம் எத்தனை மணி நேரம்? மேற்பார்வையாளர் வாராவாரம் உட்கார்ந்து உங்கள் குறிப்புகளைப் படிப்பாரா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

தியரி பாடங்களைப் பெரும்பாலும் எல்லாரும் தேறிவிடுவார்கள். சிக்கல் அதைக் கண்ட இடத்தில் எல்லாம் போட்டுப் பார்ப்பதில் வருகிறது. உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த்தின் 'அந்நியச் சூழல்' சோதனை, அம்மாவைச் சற்று நேரம் பிரிந்து மறுபடி சேரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. அது ஏறக்குறைய 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கானது. பயிற்சி பெற்றவர்கள்தான் அதை மதிப்பிட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை ஒருநாள் அம்மாவை விட்டு விலகி உட்கார்ந்ததற்கு 'பாதுகாப்பற்ற பற்றுதல்' (வளர்ப்பவரிடம் குழந்தைக்கு உறுதியான நம்பிக்கை இல்லாத பிணைப்பு) என்று எழுதுவது தப்பு. 1998-இல் வந்த, மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோரின் ஆய்வையும் அப்படித்தான் தப்பாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுத் துன்ப அனுபவங்களைக் கேட்டுச் செய்தது அது. ஒரு குழந்தைக்கு மதிப்பெண் போட்டு எதிர்காலம் சொல்ல அதைப் பயன்படுத்தாதீர்கள். ஆண்டாவே பின்னாளில் இதை எச்சரித்திருக்கிறார்.

அதிகம் சறுக்குவது கேட்பதில்தான். குழந்தை "அவரு அடிச்சாரு" என்றதும் "யாரு, அப்பாவா? பெல்ட்டாலயா?" என்று நம் வாய் போய்விடும். பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டோம். பிறகு குழந்தை சொல்வதில் அதன் நினைவு எவ்வளவு, நம் கேள்வி எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. "என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லு", "அப்புறம்?" என்ற அளவில் நிறுத்துங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். சொல்லியாக வேண்டியவர்களிடம் சொல்வீர்கள் என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி முதலிலேயே சொல்லுங்கள். அது சொன்ன வார்த்தையை அப்படியே, கொச்சை இருந்தாலும் திருத்தாமல் எழுதி, அன்றே மேலே தெரிவியுங்கள். துருவி விசாரிக்க அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது எழுத்து. "வீடு மோசமாக இருந்தது" என்பது உங்கள் அபிப்பிராயம். "மெத்தையில் விரிப்பு இல்லை, தொட்டால் ஈரம், சிறுநீர் வாடை" என்பது பார்த்தது. "அம்மா ஒத்துழைக்கவில்லை" என்று எழுத வேண்டாம். "மூன்று முறை போனோம், இரண்டு முறை கதவு திறக்கவில்லை, மூன்றாம் முறை வாசலில் நின்றே ஐந்து நிமிடம் பேசினார்" என்று எழுதுங்கள். அவர் பயந்திருக்கலாம், நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கியிருக்கலாம். தேதி, பார்த்தவர், பார்த்தது, எடுத்த நடவடிக்கை என்று நான்கு கட்டத்தில் காலவரிசை வைத்துக்கொண்டே வாருங்கள். புறக்கணிப்பு, அதாவது குழந்தைக்கு வேண்டிய அடிப்படைப் பராமரிப்பு தொடர்ந்து கிடைக்காமல் போவது, ஒரு விசிட்டில் பிடிபடாது. பத்து சின்னச் சின்னக் குறிப்புகளை வரிசையாகப் பார்க்கும்போதுதான் தெரியும். வறுமையையும் புறக்கணிப்பையும் குழப்பாமல் இருக்கவும் இதுவே உதவும்: உதவி கிடைத்த பிறகு என்ன மாறியது என்பது அந்த வரிசையில் தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போனால் பெரியவர்களின் பிரச்சினைகளே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். குழந்தையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அது தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மொழி புரியவில்லை என்பதற்காக அந்தக் குழந்தையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஓடியாடும் பிள்ளையின் முட்டியிலும் நெற்றியிலும் காயம் சகஜம். புரளக்கூடத் தெரியாத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிய தடம் இருந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். நிறத்தை வைத்து "இது நான்கு நாள் பழசு" என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம், அது நம்பகமான கணக்கில்லை.

கல்லூரி தொடங்கும் முன்பே ஒரு பயிற்சி செய்யலாம். நண்பர் குழந்தையாக நடிக்கட்டும். பத்து நிமிடம் பேசி ரெக்கார்ட் செய்யுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எண்ணுங்கள். முதல் முறை பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். மறுநாளும் செய்யுங்கள்.