குடலில் பைகள், டப்பாவில் பொடி

கேள்வி: எனக்கு வயது 61. சென்ற ஆண்டு மலப் பரிசோதனையில் இரத்தத் தடயம் தெரிந்ததால், பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குழாய்க் கேமராவால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்த மருத்துவர், புற்று எதுவும் இல்லை என்றும், பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஐந்தாறு சிறு பைகள் இருக்கின்றன, அதற்கு டைவர்ட்டிகுலோசிஸ் என்று பெயர், கவலை வேண்டாம் என்றும் சொன்னார். மருந்து தரவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் என் அக்கா மகன், குளுட்டமின் என்ற அமினோ அமிலப் பொடி குடல் சுவரைச் சரிசெய்யும் என்று ஒரு டப்பா வாங்கித் தந்திருக்கிறான். மூன்று மாதம் சாப்பிட்டுச் சோதித்துப் பார்க்க நினைக்கிறேன். பைகள் மறையுமா? பொடி வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது?
– வாசகர், ஈசூன்

பதில்: முதல் கேள்விக்கு விடை ஒரே சொல்: மறையாது. இரண்டாவது கேள்விதான் அரியது. பொடி வாங்கும் பலர் அதைக் கேட்பதே இல்லை.

பெருங்குடலின் தசை அடுக்கைத் துளைத்துக்கொண்டு சிறு இரத்தக் குழாய்கள் உள்ளே செல்கின்றன. அவை நுழையும் இடங்களில் தசை இயல்பாகவே நலிவானது. ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்து வரும் அழுத்தத்தால், அந்த இடங்களின் வழியே உட்சவ்வு வெளிப்புறமாகப் பிதுங்குகிறது. பழைய சைக்கிள் டயரின் வெடிப்பில் டியூப் எட்டிப் பார்க்குமே, அதைப் போல. இங்கே டியூப் கிழியவில்லை, இடைவெளி இருப்பது டயரில் என்பதைக் கவனியுங்கள். குளுட்டமின் ஊட்டம் தருவதாகச் சொல்லப்படுவது உட்சவ்வின் உயிரணுக்களுக்கு; அவை உங்களுக்கு நலமாகவே இருக்கின்றன. தசையில் விழுந்த இடைவெளியை அந்த ஊட்டம் அடைப்பதற்கு வழியில்லை.

இன்னொரு தடையும் உண்டு. குளுட்டமினை முதன்மை எரிபொருளாகக் கொள்வது சிறுகுடல். நீங்கள் விழுங்கும் பொடியின் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலின் உயிரணுக்களோ பெரும்பாலும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை நம்பி வாழ்கின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது அது உண்டாகிறது. ஆகவே பெருங்குடலுக்கு உணவூட்டுவதே நோக்கமென்றால், டப்பாவைவிடக் கீரையும் பருப்பும் நேர்வழி.

இருந்தாலும் உங்கள் அக்கா மகன் சொன்னதை வெறும் புரளி என்று தள்ளிவிட மாட்டேன். குடல் தொற்றுக்குப் பிறகு வயிற்றுப்போக்குடன் கூடிய எரிச்சல் குடல் நோய்க்கு ஆளாகி, குடல் சவ்வின் கசிவும் கூடியிருந்த 106 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. நாளுக்கு மூன்று முறை 5 கிராம் வீதம் எட்டு வாரம் குளுட்டமின் உட்கொண்டவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள். குளுட்டமின் இல்லாத வெற்றுப் பொடி உட்கொண்டவர்களில் தேறியவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. வியக்கத்தக்க வேறுபாடுதான். ஆனால் அது வேறு நோய். அங்கே சவ்வே பழுதாகியிருந்தது. அந்த ஆய்வின் வெற்றியை உங்கள் பைகளுக்குக் கடன் வாங்க முடியாது.

இனி, சோதிப்பது எப்படி என்ற கேள்வி. மூன்று மாதம் பொடி சாப்பிட்டு, ஒரு தொல்லையும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது பொடியின் வேலையா? அமெரிக்காவில், கொலோனோஸ்கோபியில் பைகள் கண்டறியப்பட்ட 2,222 முன்னாள் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. 11 ஆண்டுக் காலத்தில் பை அழற்சி, அதாவது பைகள் வீங்கி நோகும் நிலை, கண்டவர்கள் 95 பேர், அதாவது நூற்றுக்கு நாலு பேர்போல. மீதி 95 விழுக்காட்டினருக்கு மேல் ஒரு பொடியும் இல்லாமலே அழற்சியின்றி இருந்தார்கள். அந்த 2,222 பேருக்கும் நாம் குளுட்டமின் கொடுத்திருந்தால், அவர்களில் பெரும்பாலோர் தத்தம் நண்பர்களிடம் அதன் புகழைப் பாடியிருப்பார்கள். தானாகவே சும்மா இருக்கும் ஒன்றை மருந்துதான் சும்மா இருக்கவைத்தது என்று ஒரே உடலை வைத்துக்கொண்டு யாராலும் நிரூபிக்க முடியாது.

முறையாகச் சோதிக்க வேண்டுமென்றால் அளவே வேறு. அழற்சி விகிதத்தைப் பாதியாகக் குறைக்கிறதா என்பதைக் காண, என் கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேண்டும். யாருக்குப் பொடி, யாருக்கு வெற்றுப் பொடி என்பது குலுக்கலில் முடிவாக வேண்டும்; கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது; பிறகு பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பவர்களுக்கு மெசலமின் மருந்தின் கதையைச் சொல்வேன். பெருங்குடல் புண்ணழற்சிக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து அது. பை அழற்சி மீண்டும் வராமல் தடுக்கும் என்று சிறு ஆய்வுகள் நம்பிக்கை அளித்தன. காரணமும் பொருத்தமாகவே தோன்றியது. ஏற்கெனவே அழற்சி வந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவு 2014இல் வெளியானபோது, வெற்று மாத்திரையைவிட அது எள்ளளவும் மேலானதாக இல்லை. நல்ல மருந்தின் கதியே இதுவென்றால், உடற்பயிற்சிக் கூடத்துப் பொடியைச் சோதிக்காமல் எப்படி நம்புவது?

மேலைநாட்டு ஆய்வு முடிவுகளை இங்கே அப்படியே பொருத்துவதிலும் சிக்கல் உண்டு. அங்கே பைகள் பெரும்பாலும் குடலின் இடப்பக்கத்தில் தோன்றுகின்றன. உங்களுக்கு இருப்பதுபோல் வலப்பக்கத்தில் தோன்றுவது ஆசியர்களிடையே மிகுதி. சிங்கப்பூரில் பிணக்கூறாய்வுகளைக் கொண்டு 1986இல் வெளியான ஆய்வே அதைக் காட்டியது. இடப்பக்க நோயில் பயன் தந்தது வலப்பக்கத்திலும் தருமா என்பதைத் தனியாகத்தான் சோதித்து அறிய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் முயன்று பார்க்க ஆவலென்றால், உங்கள் மனைவியிடம் டப்பாவை ஒப்படையுங்கள். குளுட்டமினுக்கு ஏறக்குறையச் சுவையே இல்லை. சில வாரம் மோரில் பொடியைக் கலந்தும், சில வாரம் கலக்காமலும் உங்களுக்குத் தெரியாமல் அவர் கொடுத்துவரட்டும். எந்த வாரம் எது என்பதை அவர் மட்டும் எழுதி வைக்கட்டும். நீங்கள் நாள்தோறும் வலி, உப்புசம், மலம் கழித்த விவரம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். எட்டு வாரம் கழித்து இரண்டு ஏடுகளையும் ஒப்பிடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் வலி என்றோ உப்புசம் என்றோ ஒரு சொல்லும் காணோம். இல்லாத நோவு குறைந்துவிட்டது என்று எந்த ஏட்டில் எழுதுவீர்கள்?

கல்லீரல் இறுக்க நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். குளுட்டமின் உடைபடும்போது அம்மோனியா உண்டாகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உறுப்புகள் செயலிழந்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு அதிக அளவில் குளுட்டமின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. பெறாதவர்களைவிடப் பெற்றவர்களிடையே இறப்பு கூடியிருந்தது. அவர்களின் நிலை வேறு, உங்கள் நிலை வேறு. இருந்தாலும் 'இயற்கையான அமினோ அமிலம்தானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சுக்கு அது தக்க பதில். ஊட்டப் பொருள்களை விற்குமுன் நம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை என்பதும், நோயைக் குணப்படுத்தும் என்று அவற்றை விளம்பரம் செய்ய அனுமதி இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

பொடியைவிட உங்களுக்கு முக்கியமானவை வேறு. வலப்பக்கப் பைகளில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுதல். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் அந்த வாய்ப்பை இன்னும் கூட்டுகின்றன. முழங்கால் வலிக்கென்று அவற்றை வாங்கி விழுங்காதீர்கள். மேலும், வலப்பக்கப் பையில் அழற்சி வந்தால் அது குடல்வால் அழற்சியைப் போலவே வலிக்கும். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் கொலோனோஸ்கோபி அறிக்கையை மறக்காமல் கொண்டுசெல்லுங்கள். கடலை, விதைகளை விலக்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள்; வேண்டாம். 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து, 2008இல் வெளியான ஆய்வில் அவற்றால் தீங்கு எதுவும் தெரியவில்லை. தேக்காவில் கச்சான் கொறிப்பதை விட்டிருந்தால் மறுபடி தொடங்கலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 70, அவருக்கும் இதே பைகள் உள்ளன. மலம் இறுகிப்போவதாகச் சொல்கிறார். உடலின் இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற அமினோ அமிலம்தானாம். கொலாஜன் பொடி குடித்தால் குடல் சுவர் வலுப்படும் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: மூன்றில் ஒரு பங்கு என்பது உண்மை, அதற்குப் பின் வருவது வியாபாரம். உண்ணும் கொலாஜன் வயிற்றில் துண்டுதுண்டாக உடைந்துவிடும்; அது குடல் சுவரைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதில்லை. பிறவியிலேயே இணைப்புத் திசு நலிந்த சிலருக்கு இளவயதில் இந்தப் பைகள் வருவது உண்மைதான். ஆனால் வயதானவர்களின் சுவரை ஆராய்ந்தவர்கள் கண்டது கொலாஜன் பற்றாக்குறை அன்று. இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் மிகுந்து சுவர் விறைத்துப்போவதைத்தான். விறைத்த சுவருக்கு மேலும் கச்சாப்பொருளைக் கொட்டிப் பயனில்லை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அம்மா அதைக் காப்பியில் கலந்து குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். மலம் இறுகுவதற்கோ அது உதவாது. அதற்கு இசப்கோல் உமியை ஒரு தேக்கரண்டி அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளை நீருடன் கொடுத்துப் பாருங்கள். நீரைக் குறைத்தால் இறுக்கம் கூடிவிடும்.