உதவி கேட்டு வருபவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் ஒரு கிறிஸ்தவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் அண்மையில் யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மருந்துக்கு என்று காசு வாங்கிப் போனவரைப் பின்னேரம் சாராயக் கடை வாசலில் கண்டிருப்பீர்கள். இல்லையென்றால் இல்லாத பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கொடுத்திருப்பீர்கள். இரக்கப்படச் சொல்லி வேதம் சொல்கிறது, ஆனால் பொய்க்குத் துணை போகலாமா என்று கேட்கிறீர்கள். என் பதில், கொடுங்கள். முடிந்த அளவு கொடுங்கள், பொய்யைப் பிடிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

நான் வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. இலங்கையின் வடக்கே பரந்தன் பக்கம் சின்னப் பலசரக்குக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடன் கொப்பி இருக்கிற கடை. அதனால் கேட்டு வருகிறவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன்.

2022 மார்ச் மாதம். இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த நாட்களை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முந்தின வருடம் இரசாயன உரம் இறக்குமதி செய்வதை அரசாங்கம் திடீரென்று நிறுத்தியது. எங்கள் பக்கம் காலபோக நெல், மாரி மழையை நம்பி விதைக்கிற பெரிய போகம், படுத்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. 400 கிராம் பால்மா பக்கற் ஒன்று ஒரே தடவையில் 250 ரூபாய் கூடி 790 ரூபாய்க்கு வந்தது. அந்த விலை கொடுக்கச் சனம் தயாராக இருந்தாலும் பொருள் இல்லை. என் கடைக்கு வாரத்துக்கு நாலைந்து பக்கற் வந்தால் பெரிய காரியம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஐயா இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். திருநீறு இல்லாத நெற்றியோடு நான் அவரைக் கண்டதில்லை. ஒருநாள் காலை துணிப் பையோடு வந்தார்.

"பிள்ளை, ஒரு பால்மா பக்கற் தா. பேத்திக்கு. காசு திங்கட்கிழமை தாறன்."

அவருடைய பேத்தி ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடையில் அப்போது மூன்று பேர் நின்றார்கள். நான் கேட்டேன், "எந்தப் பேத்திக்கு ஐயா? அவை போன வருசமே கொழும்புக்குப் போட்டினமெல்லோ?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். கோயில் பங்கில் தந்த தவக்கால உண்டியல் மேசையில் எனக்கு முன்னால்தான் இருந்தது. எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "சிஸ்டர் எங்களை அப்பிடிக் கேக்கேல்லை."

பதின்மூன்று வருடத்தில் அம்மா அதைப் பற்றிக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம் அடம்பன். 2008இல் போர் நெருங்க வெளிக்கிட்டு வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன், தர்மபுரம், உடையார்கட்டு என்று கிழக்கே கிழக்கே போய் மாத்தளனில் நின்றோம். அப்பா முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா, நான், என் தம்பி. எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஆறு. தம்பி மாத்தளனில் செல் (எறிகணை) விழுந்து செத்தான், மார்ச் மாதக் கடைசியில். பங்கருக்குப் பக்கத்திலேயே மணலில் புதைத்தோம். அங்கே எங்களோடு இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு சிஸ்டர், கன்னியாஸ்திரி, அவர்தான் பக்கத்தில் நின்று செபம் சொன்னார். செல் நிற்காததால் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம்.

2009 ஏப்ரல் 20 மாத்தளனில் இருந்து ஆயிரமாயிரம் சனம் இராணுவப் பக்கம் வந்ததே, அதில் நாங்களும் வந்தோம். பிறகு எங்களை அடைத்து வைத்த முகாம், செட்டிகுளம் மெனிக் பாம். தறப்பாள் கொட்டில், பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, தண்ணீர் பவுசருக்குப் பின்னால் ஓட்டம். அதே சிஸ்டரும் எங்கள் வலயத்தில்தான் இருந்தார். அவரும் உள்ளே அடைபட்ட ஆள்தான். வெளியிலிருந்து கொஞ்சம் பால்மா வந்தபோது சின்னப் பிள்ளைகள் இருக்கும் கொட்டில்களுக்குக் கொடுக்கும் வேலை அவருக்கு வந்தது. ஒவ்வொரு கொட்டிலாக வந்து எழுதினார்.

"சின்னப் பிள்ளைகள் எத்தனை?"

அம்மா சொன்னார், "ஒண்டு."

"வயது?"

"ஆறு."

சிஸ்டர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் கொப்பியில் 1 என்று எழுதிப் பக்கத்தில் 6 என்று எழுதினார். ஒரு பக்கற்றை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார். அடுத்த கொட்டில் ஒரு சைவக் குடும்பம், அவர்களுக்கும் அதே இரண்டு கேள்விதான். அடுத்த வாரமும் வந்தார். அடுத்த வாரமும் தந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை அவர் என் தம்பியின் தலைமாட்டில் நின்று.

அந்தப் பால்மாவை நாங்கள்தான் கரைத்துக் குடித்தோம். அம்மா பொய் சொன்னாரா, இல்லை என்ற சொல் அவருக்கு வாயில் வரவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிஸ்டருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நிற்கவில்லை.

சரி, 2022க்கு வருகிறேன். மறுநாள் விடியவே ஒரு பக்கற்றை எடுத்துக்கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். படலையில் நின்றே கதைத்தார். "வேண்டாம் பிள்ளை, காரியம் முடிஞ்சுது" என்றார். என்ன காரியம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் யாருக்காவது சாப்பாடு இறங்காமல் இருந்ததா, பக்கற்றை விற்று நுண்கடன் கிழமைக் காசு கட்ட நினைத்தாரா, எனக்குத் தெரியாது. இப்போதும் வழியில் கண்டால் தலையசைப்பார். என் கடைக்கு மட்டும் வருவதில்லை.

இனி, கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு. உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று பவுல் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார், தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், 3ஆம் அதிகாரம் 10ஆம் வசனம். மனமில்லாதவர் என்றுதான் இருக்கிறது, வழியில்லாதவர் என்று இல்லை. வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றித் திரிந்த சிலருக்காக எழுதியது அது. அங்கிருந்து மூன்று வசனம் கீழே வாருங்கள், நன்மை செய்வதில் மனம் தளர வேண்டாம் என்கிறார் அதே பவுல். பத்தாம் வசனத்தைப் பாடமாக்கியவர்கள் பதின்மூன்றாம் வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆறு பேரைச் சொல்கிறார். பசித்தவர், தாகமாக இருப்பவர், அந்நியர், உடுப்பில்லாதவர், நோயாளி, சிறையில் இருப்பவர். நான் அந்தக் கடைசி ஆளைத்தான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். அவர் ஏன் சிறைக்குப் போனார் என்று விசாரித்துவிட்டுப் பார்க்கப் போகச் சொல்லவில்லை. குற்றம் செய்தவராகவும் இருக்கலாம், செய்யாதவராகவும் இருக்கலாம். போய்ப் பார்த்தாயா என்றுதான் கேள்வி.

குடிகாரனுக்குக் காசு கொடு என்று நான் சொல்லவில்லை. வன்னியில் குடி எத்தனை வீட்டை அழித்தது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், என் சொந்தத்திலேயே இருக்கிறது. நான் காசு கொடுப்பதில்லை, சாமான்தான் கொடுப்பேன். கையில் ஒன்றும் இல்லாத நீங்கள் கடன்பட்டுக் கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. கொடுக்கிற கையில் அரிசிப் பையோடு செபக் கூட்டத்து அழைப்பையும் சேர்த்து நீட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் வந்து போகிறார்கள். அவர்களோடு என்னைச் சேர்க்கவும் வேண்டாம். அந்த சிஸ்டர் எந்தக் கொட்டிலிலும் என்ன சமயம் என்று கேட்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. போருக்குப் பிறகு எங்களுக்கு ஒரு புதுப் பெயர் வந்தது, பயனாளி. பயனாளிப் பட்டியல், பயனாளித் தெரிவு, பயனாளி கையெழுத்து. 2012இல் வீட்டுத்திட்டத்துக்குப் பதியப் போனோம். மாமா தந்த காணியில் தகரக் கொட்டிலில் இருந்த நேரம். குடும்பத்தில் எத்தனை பேர் என்று அந்த உத்தியோகத்தர் கேட்டார். அம்மா, "மூண்டு பேர்" என்றார். நான்தான் குறுக்கே விழுந்து, "இல்லை சேர், இரண்டு பேர்" என்றேன். அவர் எழுதிய 3ஐ வெட்டி 2 ஆக்கினார். ஆட்களின் எண்ணிக்கைக்கும் புள்ளி இருந்ததாம், இரண்டு பேர் உள்ள குடும்பம் பட்டியலில் கீழே போய்விட்டது. இன்னும் நாலு மாரி தகரத்துக்குக் கீழே இருந்தோம். செத்துப் போன பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பம்தான் சின்னக் குடும்பம், அதற்குத்தான் புள்ளி குறைவு. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று இன்றைக்கும் கோபம் வருகிறது. நான் உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் அன்று வீடு வரும்வரை அம்மா என்னோடு கதைக்கவில்லை.

அதே போல் இந்தப் படம் பிடிக்கிற பழக்கம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் நல்ல மனதோடுதான் காசு அனுப்புகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. பொதியை ஆளுக்கு ஒரு கையால் பிடிக்கவைத்துக் கமராவைப் பார்க்கச் சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன். காலில்லாத ஒரு தம்பியை மூன்று தடவை வாங்கவைத்து எடுத்ததை நானே நின்று பார்த்தேன்.

என் தாத்தாவுக்கு அடம்பனில் கட்டுக்கரைக்குளத்துக் கீழ் வயல். அரிவி வெட்டும்போது வரம்போரம் கொஞ்சம் விட்டு வெட்டச் சொல்வார். விழுந்த கதிரையும் எடுக்க விடமாட்டார். பொழுதுபட்ட பிறகு பெண்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள். வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியருக்கும் என்று லேவியர் 19இல் இருக்கிறது. தாத்தா அதை வாசித்துச் செய்தாரா, ஊர் வழக்கமா தெரியாது. அந்தப் பெண்கள் யாரிடமும் கை நீட்டவில்லை, கதையும் சொல்லவில்லை. தாத்தா அந்த நேரம் வயல் பக்கம் போகமாட்டார். இப்போது மெசின் வந்து வரம்பு வரைக்கும் வழித்துக்கொண்டு போகிறது.

என் கடையிலும் அப்படி ஒரு ஓரம் வைக்கப் பார்க்கிறேன். கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதுவதில்லை. சாமானும் விலையும் மட்டும் எழுதுவேன். அது திரும்பி வராத பக்கம். யாராவது தயங்கித் தயங்கி நின்றால் மற்றவர்கள் போகும்வரை வேறு வேலை பார்ப்பேன். ஏன், யாருக்கு என்று கேட்பதில்லை. எத்தனை என்று மட்டும் கேட்பேன். கடனாகவே கேட்டால் கடன் என்றே கொடுப்பேன், இனாம் என்று சொல்லி அவர்களைக் குனிய வைப்பதில்லை. சிலர் ஆறு மாதம் கழித்துக் காசைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிலர் வேறு கடைக்கு மாறிவிடுகிறார்கள். இரண்டு பேர் பச்சைப் பொய் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் ஒருவர் இப்போதும் வருகிறார், நானும் எத்தனை என்றுதான் கேட்கிறேன்.

கடை தாங்குமா என்று கேட்பீர்கள். மாதம் 3,000 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறேன், அது முடிந்தால் அடுத்த மாதம்தான். போன டிசம்பரில் 4,200 வரை போனது. அதற்கு அம்மா தன் கோழி முட்டை விற்ற காசைக் கொண்டுவந்து லாச்சியில் போட்டார். கடை நடக்கிறது.