விட்ரியால் என்ற பெயருக்குள் ரகசிய வாக்கியம் ஒளிந்திருப்பதும், அதைச் சுருக்கித்தான் அந்தப் பெயர் வந்தது என்பதும் உண்மையா?

வாக்கியம் இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டதுபோல் அதைச் சுருக்கி இந்தப் பெயர் வரவில்லை. பெயர்தான் மூத்தது.

லத்தீனில் விட்ரம் என்றால் கண்ணாடி. கண்ணாடிபோல் பளபளக்கும் உப்புப் படிகங்களை இடைக்காலத்தில் விட்ரியோலம் என்றார்கள். நம் மயில்துத்தம் நீல விட்ரியால், அன்னபேதி பச்சை விட்ரியால். அன்னபேதியைக் கடுமையாகச் சூடாக்கி வடித்தால் வரும் திராவகம் விட்ரியால் எண்ணெய், அதாவது கந்தக அமிலம்.

பிறகு, 17ஆம் நூற்றாண்டு ரசவாத நூல்களில் அந்தப் பெயரின் (VITRIOL) ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு லத்தீன் சொல் போட்டு விளையாடினார்கள்: விசிடா இன்டீரியோரா டெர்ரே ரெக்டிஃபிகாண்டோ இன்வெனியேஸ் ஒக்குல்டும் லாபிடெம். 'பூமியின் உள்ளே போய்ப் பார். சீர்ப்படுத்தினால் மறைந்திருக்கும் கல்லைக் காண்பாய்.' விட்ரியோலம் (VITRIOLUM) என்று முழுதாக எழுதும்போது மிஞ்சும் இரண்டு எழுத்துக்கு 'மெய்யான மருந்தை' என்று பொருள்படும் இரண்டு சொற்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரெக்டிஃபிகாண்டோ. சீர்ப்படுத்துவது என்பதோடு, வாலை என்னும் வடிகலத்தில் திரும்பத் திரும்ப வடிப்பது என்ற தொழில் அர்த்தமும் அதற்கு உண்டு. ரெக்டிஃபைடு ஸ்பிரிட் என்கிறோமே, அதே சொல்தான். 'பூமியின் உள்ளே' என்பதும் வெறும் தத்துவம் இல்லை. செம்புச் சுரங்கத்தில் கசியும் தண்ணீர் வற்றினால் சுவரிலேயே துத்தம் பூத்து நிற்கும்.

சரி, இத்தனை உப்புகள் இருக்க இதன் மேல் ஏன் அவ்வளவு மயக்கம்? நான் இருப்பது ஊட்டிப் பக்கம். இங்கே உருளைக்கிழங்குக் கருகலுக்குப் போர்டோ கலவை அடிப்பதுண்டு: 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலக்கியதும் துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்ப்பார்கள். கத்தி செந்நிறமானால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகிவிடும்.

அந்தச் செந்நிறம் அசல் செம்பு. இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போக, தண்ணீரில் இருந்த செம்பு கத்தியில் படிகிறது. கரைசலுக்குள் செம்பு இருப்பது தெரியாத காலத்தில் இதையே பார்த்தவர்கள், இரும்பு செம்பாக மாறுகிறது என்று நம்பினார்கள். ஒரு உலோகத்தை இன்னொன்றாக்கும் கல்லைத் தேடியவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? அவர்கள் அந்த வாக்கியத்தை இந்த உப்பின் பெயருக்குள் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.